வெளியே பூட்டிய வளை

உலகம்மாள் கட்ட வேண்டிய கடன் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அதில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அவளே வாங்கிச் செலவழித்தது. மிச்சம் எழுபத்தையாயிரத்து முந்நூற்று நாற்பது, பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் வாங்கி, கட்டி முடிக்கும் முன்னே செத்துப்போனது. குழுக் கடனில் ஒருத்தி போய்விட்டால் அவள் பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டும். வயது தாண்டியவள் என்று காப்பீட்டையும் மறுத்துவிட்டார்கள். குழுக் கூட்டத்தில் யார் தலையில் எவ்வளவு என்று பேச்சு வந்தபோது உலகம்மாள் கையைத் தூக்கி, "முழுசையும் என் பேர்ல எழுதிக்கிடுங்க" என்றாள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கடன்தான் அவளைத் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து கிளப்பி, ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், செங்கல்லைப் பொடித்துக் கொட்டியது போலக் கிடந்த பாலைவனத்தில் கொண்டுவந்து இறக்கியது. என்ன வேலை என்று கேட்டதற்கு ஏஜெண்டு சிரித்தான்.

"பயப்படணும். அவ்வளவுதான்."

"எதுக்குப் பயப்படணும்?"

"நீங்க ஊர்ல எதுக்குப் பயந்தீங்களோ, அதுக்கேதான்."

ஒரு தடவை பயந்தால் பதினோராயிரம். பணம் அவள் கைக்கு வராது, நேராகக் கடன் கணக்கில் போய் விழும். முப்பது வருசமாகச் சும்மா பயந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

முகாமில் தர்மினி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இந்த நாட்டிலேயே படித்து விலங்கு டாக்டராக ஆனவள். முதல் நாள் இருட்டியதும் உலகம்மாளைக் கம்பிவேலிக்குள் கூட்டிப்போய், சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்சை அடித்துக் காட்டினாள்.

முயலின் காது, எலியின் மூஞ்சி, பட்டுப்போல நீலச்சாம்பல் மயிர். வால் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பில்பி என்று பேர். காது அத்தனை மெல்லிசு, வெளிச்சம் பட்டபோது உள்ளே நரம்பு ஓடுவது ஆலிலையில் ஓடுவது போலத் தெரிந்தது. முன்காலால் மண்ணைத் தோண்டித் தோண்டி, கண்ணை மூடித் திறப்பதற்குள் தலை உள்ளே போய்விட்டது, பிறகு உடம்பு, பிறகு வால்.

"ஆள் உயரத்துக்குக் கீழ போகும் அக்கா. நேராப் போகாது, சுருள் சுருளாப் போகும். வயித்தில பை இருக்கு, குட்டி அதுக்குள்ளதான். கங்காருவுக்குப் பை மேல பாத்துத் திறக்கும். இதுக்குப் பின்னால பாத்துத் திறக்கும்."

"அது ஏன் அப்படி?"

"தோண்டுற மண் குட்டியின்ர கண்ணில விழாமல்."

உலகம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று பிள்ளை பெற்றவள், தலையில் உப்புக் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக வரப்பில் நடந்தவள். "இதை எவன் யோசிச்சான்?" என்று கேட்டாள்.

ஒரு ராத்திரியில் இது புரட்டிப் போடுகிற மண்ணை ஒரு ஆள் நாள் முழுக்க வெட்டினாலும் புரட்ட முடியாது என்றாள் தர்மினி. தோண்டிய குழியில் காய்ந்த இலையும் விதையும் சேரும், மழை வந்தால் அங்கேதான் முளைக்கும். இந்த நிலம் பச்சை என்று எதையாவது பார்க்கிறதென்றால் அது இதன் நகத்தால்தான். ஆனால் உலகம் முழுக்கத் தேடினாலும் இப்போது மிச்சம் இருப்பது சில நூறு. எல்லாம் வேலிக்குள் பிறந்து வளர்ந்தவை.

"வேலிக்கு வெளிய விட்டா என்ன?"

"மூண்டு தரம் விட்டனாங்கள். பூனை வந்தது. கப்பலில வந்து காட்டுக்குப் போன பூனை, நாய் அளவு பெரிசு. இதுகள் பூனையைக் கண்டதே இல்லை. நிண்டு பாத்துக்கொண்டு நிண்டுதுகள்." தர்மினி டார்ச்சை அணைத்தாள். "ஒண்டும் மிஞ்சேல்லை. இதுகளுக்குப் பயம் செத்துப்போச்சு அக்கா."

அதனால் பயத்தை இரவல் வாங்குகிறார்கள். மனிதனின் பிடரியில் ஒரு பட்டை, பில்பியின் காதடியில் அரிசி அளவு மணி. இங்கே நெஞ்சு அடித்தால் அங்கே அடிக்கும். பூனை வாடை வரும் நேரம் பார்த்து நாலைந்து தரம் கொடுத்தால், வாடையும் பயமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பதிந்து வைத்துக் கொடுக்க முடியாது, பதிந்தால் அது வெறும் சத்தம். பயப்படுகிறவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

"முதல்ல பட்டாளத்துக்காரரைக் கூட்டி வந்தனாங்கள். அவையின்ர பயம் ஓடுற பயம். வெட்டவெளியில ஓடினா பூனைக்குச் சாப்பாடு. எங்களுக்கு வேண்டினது வேற. வாசல்ல ஆள் வந்து நிக்கேக்க, உள்ளுக்குப் போய்க் கதவை அடைச்சு, மூச்சுக் காட்டாமல் இருக்கிற பயம். தேடிப் பாத்தம். உங்கட ஊரில இருந்தது."

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "இதைத் தேடி இம்புட்டுத் தூரமா? எங்க காம்பவுண்டுக்கு வந்திருந்தா வீட்டுக்கு வீடு படியளந்திருப்போம்."

எட்டு வீடு உள்ள காம்பவுண்டு அது. வசூலுக்கு வருகிற பையனுக்குப் பேரே செவ்வாய்க்கிழமைதான். பைக் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே காம்பவுண்டுக்கு ஊமைக் காய்ச்சல் வந்துவிடும். பணம் இல்லாதவள் வீட்டுக்குள் போய்விடுவாள், பக்கத்து வீட்டுக்காரி வெளியே பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். வந்தவன் பூட்டைப் பார்ப்பான். "எங்க போயிருக்காவ?" "சாத்தான்குளத்துல ஒரு சாவு, துட்டி கேக்கப் போயிருக்கா." அவன் போன பிறகு பூட்டைத் திறப்பார்கள். உலகம்மாளுக்குப் பூட்டுவது மிக்கேலம்மாள், மிக்கேலம்மாளுக்குப் பூட்டுவது உலகம்மாள். கதவு திறந்ததும் மிக்கேலம்மாள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "என்னட்டி, டீ போட்டியா?"

அவளைப் போலவே கயத்தாற்றிலிருந்து ஒருவன் வந்திருந்தான், வெயிலுமுத்து. தவணை கட்டாத லோடு ஆட்டோவை மூன்று வருசம் பைனான்ஸ்காரன் கண்ணில் படாமல் ஒளித்து ஓட்டியவன். சோதனைக்காக வேலிக்குள் விட்டிருந்த பூனைக்கு, 'செவ்வாக்கிழமை' என்று பேர் வைத்தது அவன்தான். பூனைக்கு வாயைக் கட்டியிருந்தார்கள், வாடையும் காலடியும் மட்டும் நிஜம்.

முதல் தடவை உலகம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, அந்த பைக் சத்தத்தை நினைத்தாள். நினைக்கவே வேண்டாம், கூப்பிடாமல் வந்து நின்றது. அதே நொடியில், பயம் போன வழியாகவே அங்கிருந்து ஏதோ திரும்பி வந்தது.

அதை அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மண்ணுக்கு வாசம் உண்டென்று தெரியும், ஆனால் மண்ணுக்குள் ஆயிரம் வாசம் இருப்பது தெரியாது. வேர் ஒரு வாசம், வேரைத் தின்ற புழு ஒரு வாசம், என்றோ பெய்த மழை ஆழத்தில் ஒளிந்திருப்பது ஒரு வாசம். கரையான்கள் நடக்கும் சத்தம், பெருங்கூட்டம் வெறுங்காலோடு ஈர மண்ணில் போவது போலக் கேட்டது. உடம்பைச் சுற்றி நாலு பக்கமும் மண் அணைத்துக்கொண்டது, அடிவயிற்றில் குட்டி ஒன்று உதைத்தது. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"கயிறு எண்டா ரெண்டு பக்கமும் இழுக்கும்தானே" என்றாள் தர்மினி. பில்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. "எது? ஒன்பதாம் நம்பரோ? அதுக்குக் குட்டி இருக்கு."

"அம்மாடி, ஒரு குழிக்குள்ள இம்புட்டா?" என்றாள் உலகம்மாள். அதற்குப் பிறகு பயப்படுவதற்கு அவள் ஆசையாகவே போனாள்.

பதினேழு தடவை ஆயிற்று. கணக்கில் முந்நூற்று நாற்பது ரூபாய்தான் மிச்சம். பூனை வாடை பட்டதும் இருபத்தோரு பில்பியும் வளைக்குள் பாய்ந்து, பின்னங்காலால் மண்ணை உதைத்து வாசலை அடைத்துக்கொண்டன. முகாமில் கேக் வெட்டினார்கள்.

வெயிலுமுத்து அதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருந்தான். அன்று போனில் வந்தான், குரலில் ஒரே குஷி.

"எக்கா, புது வண்டி எடுத்துட்டேன். நாலு கம்பெனில கடன். வசூலுக்கு வந்தவனை உள்ள கூப்பிட்டு, நாற்காலி போட்டு உக்கார வச்சுப் பேசுதேன்."

"எலே, எப்படிலே கட்டுவ?"

"தெரியல. பயமே வரமாட்டேங்கு. நேத்து பைபாஸ்ல நடு ரோட்டுல நடந்து போறேன், லாரிக்காரன் பிரேக்கைப் போட்டுட்டுக் கெட்ட வார்த்தையில வையிதான். நான் எதுக்கு வையிதான்னு பாத்துக்கிட்டு நிக்கேன். கூட என் மவ வேற. அவதான் கையைப் பிடிச்சு இழுத்தா."

நின்று பார்த்துக்கொண்டு நின்றான். போனை வைத்துவிட்டு உலகம்மாள் நேரே தர்மினியிடம் போனாள்.

"டாக்டரம்மா, நாங்க கொடுக்கது எங்ககிட்ட குறையுமோ?"

தர்மினி கணினியை மூடினாள். "ஓம் அக்கா. விளக்கில இருந்து விளக்குக் கொளுத்துறது மாதிரி எண்டுதான் நாங்களும் நினைச்சம். இது குடத்தில இருந்து குடத்துக்கு ஊத்துறது. வெயிலுமுத்து அண்ணை போன பிறகுதான் எங்களுக்கே தெரியும். உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. பிழைதான்."

உலகம்மாளுக்குக் கோபம் வரவில்லை. கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னாள். தர்மினி எழுந்து போய், கதவை வெளியிலிருந்து தடதடவென்று தட்டினாள். முப்பது வருசமாக அந்தச் சத்தத்துக்குச் சுருண்ட வயிறு, இப்போது பக்கத்து ஊரில் யாரோ தட்டுவது போலச் சும்மா இருந்தது.

அடுத்த வாரம் இரண்டு பில்பிகள் செத்துக் கிடந்தன. பூனை அல்ல, பட்டினி. வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே போனவை வெளியே வரவே இல்லை. பூனை எப்போதோ போய்விட்டது. அது போய்விட்டது என்பது அவற்றுக்குத் தெரியவில்லை. மற்றவையும் மூன்று ராத்திரிக்கு ஒரு தரம் தலை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அடைத்துக்கொண்டன. நாலாம் நம்பர் உள்ளே போய் ஆறு நாள். பெரிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் வேலியை எடுத்துவிடுவோம், மிச்சத்தைக் கூண்டில் அடைத்துவிடுங்கள்.

"கூண்டில தோண்டாதுகள்" என்றாள் தர்மினி. "தோண்டாட்டி இந்த இனம் இருந்தும் இல்லாத மாதிரி. நாங்கள் அடைக்கப் படிப்பிச்சம், திறக்கப் படிப்பிக்கேல்லை. உங்கட பயத்தில திறக்கிறது எங்கை அக்கா இருக்கு? அந்தப் பையன் போனது உள்ளுக்கு இருந்த உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உலகம்மாளின் கை இடுப்புக்குப் போனது.

"உள்ள இருக்கவளுக்குத் தெரியாது. வெளிய இருக்கவ வந்து திறக்கணும்."

பிறகு இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சின்னச் சாவி, உப்புக் காற்றில் துருவேறியது.

"ஒரு செவ்வாக்கிழமை நான் மிக்கேலுவ உள்ள வச்சுப் பூட்டினேன். பங்குனி வெயிலு. அன்னைக்கு அளத்துல லோடு. லாரி வந்து நிக்குன்னு மேஸ்திரி ஆள் விட்டுட்டான். அரை மணி நேரத்துல வசூல்காரன் போயிருவான், வந்து திறந்துக்கலாம்னு போனேன். சாவி என் இடுப்புலயே இருந்துச்சு. எதிர்வீட்டுல ஒரு வார்த்தை சொல்லி அவகிட்டயாவது கொடுத்துட்டுப் போயிருக்கணும். கொடுக்கல. அவன் அன்னைக்கு வேப்பமரத்தடில நாற்காலியப் போட்டு மூணு மணி வரைக்கும் உக்காந்துட்டான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவளுக்குச் சர்க்கரை. சத்தம் போட்டா அவனுக்குத் தெரிஞ்சிரும்னு சத்தமே போடல. பன்னெண்டு மணிக்கு அளத்துல வச்சு ஒருத்தி சொன்னா, அவன் இன்னும் போகலன்னு. எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. மேஸ்திரிகிட்ட கேட்டேன். லோடு முடியாமப் போனா நாளைக்கு வராதன்னுட்டான். நான் கூடையத் தூக்கினேன். ஒவ்வொரு கூடைக்கும் அந்தச் சாவி இடுப்புல குத்துச்சு. அஞ்சு மணிக்குப் போய்த் திறந்தேன்."

உலகம்மாள் சாவியைத் தர்மினி பக்கம் நகர்த்தினாள்.

"பதினேழு தடவையும் உங்களுக்குக் கொடுத்தது எனக்காக நான் பயந்தது" என்றாள் உலகம்மாள். "இது வேற. இது உள்ள இருக்கவளுக்காகப் பயந்தது. இதை நான் யாருக்கும் கொடுக்கல."

"மெஷினில அடியில ஒண்டு தெரிஞ்சது. நான் கேக்கேல்லை." தர்மினி சாவியைத் தொடாமல் பார்த்தாள். "அக்கா, இதைக் குடுத்தா, அந்த அம்மாவை நினைச்சு இனி நெஞ்சு அடிக்காது. முகம் இருக்கும், பேர் இருக்கும். அடி இருக்காது. யோசிச்சுச் சொல்லுங்கோ. காசுக்காக வேண்டாம், முந்நூத்தி நாப்பதுதான் மிச்சம். அதை நாங்களே கட்டுவம்."

இரண்டு நாள் யோசித்தாள். அந்தத் துடிப்பைத்தான் அவள் மிக்கேலம்மாளுக்குத் தினமும் கட்டும் தவணையாக வைத்திருந்தாள். விடிந்ததும் ஒரு தரம், பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம். அதுவும் போய்விட்டால் செத்தவளுக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது? கடனும் தீர்ந்து பயமும் தீர்ந்து, பைபாஸில் நிற்கும் வெயிலுமுத்துவைப் போல நிற்பதா?

வியாழன் சாயந்தரம் தர்மினி நாலாம் நம்பரின் காதடி மணியிலிருந்து வரும் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். மண்ணுக்கடியில் அந்தச் சின்ன நெஞ்சு, தூரத்தில் யாரோ ஈரத் துணியை அலசுவது போல மெள்ள மெள்ள அடித்தது. உயிரோடுதான் இருந்தது. சத்தம் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

"பட்டையை ஒட்டுங்க" என்றாள் உலகம்மாள்.

இந்தத் தடவை பைக் சத்தத்தை நினைக்கவில்லை. வெயிலில் பளீரென்று வெள்ளையாகக் கிடந்த உப்பளத்தை நினைத்தாள். தலையில் கூடை, இடுப்பில் சாவி. ஓடு, போய்த் திற, ஓடு. வந்தது. வாய்விட்டு அழவில்லை, ஆனால் நாற்காலி ஆடியது. அந்தப் பக்கமிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. மண்ணும் கரையானும் கூட நின்று கேட்பது போல ஒரே அமைதி. பிறகு தலையிலிருந்து யாரோ கூடையை இறக்கி வைத்தது போல அது போய்விட்டது.

தர்மினி பட்டையைக் கழற்றினாள். இரண்டு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வேலிக்குள் இருந்த கேமராக்களுக்கு இருட்டிலும் கண் தெரியும்.

ஒன்பது மணிக்கு மேல், நாலாம் நம்பரின் வாசல் மண் உள்ளிருந்து இடிந்தது. பசி தாங்காமல் தலையை நீட்டியது. அதே சமயம் புதர் ஓரமாகச் செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்தது. வாடை பட்டதும் நாலாம் நம்பர் பின்வாங்கியது, மண்ணை உதைத்தது. காலில் வலு இல்லை. ஒரு பிடி மண் சரிந்து, வாசல் திறந்தே கிடந்தது.

அந்நேரம் வெளியே தலை காட்டியிருந்தவை எல்லாம் தத்தம் வளைக்குப் பாய்ந்தன. ஒன்பதாம் நம்பரும் பாய்ந்தது, வயிற்றில் குட்டியோடு. போகிற வழியில் நாலாம் நம்பரின் வாசலில் நின்றது.

"போ போ" என்று தர்மினி முணுமுணுத்தாள். "நிக்காதை."

அது திரும்பிக்கொண்டு, பின்னங்காலால் மண்ணை உதைத்தது. தன் வளைக்கு அல்ல. வெளியே நின்றபடி, மற்றதன் வாசலை மூடியது. நாலே உதை. வாசல் இருந்த சுவடே இல்லை. பிறகு ஓடிப்போய்த் தன் வளைக்குள் புகுந்து அடைத்துக்கொண்டது.

தர்மினியின் கை வாய்க்குப் போனது. "இதுகள் தனியன்கள் அக்கா" என்றாள். "ஒண்டை ஒண்டு திரும்பியும் பாக்காது. பில்பி இப்படிச் செய்து நான் கண்டதில்லை, வாசிச்சதும் இல்லை."

உலகம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பூட்டுறது லேசு" என்றாள்.

பூனை வந்தது. மூடிய வாசலின் மேலேயே நடந்தது, நின்றது, முகர்ந்தது, உட்கார்ந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்த மாதிரி நிதானமாக உட்கார்ந்தது. பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. அது எழுந்து சோம்பல் முறித்துப் போனபோது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

வெளியே ஒன்றுமில்லை. காற்று மட்டும்.

ஒன்பதாம் நம்பரின் வாசல் மண் அசைந்தது. முதலில் காது வந்தது, தனியாக, இரண்டு இலைகள் போல. அது நாலு பக்கமும் திரும்பிக் கேட்டது. பிறகு உடம்பு வந்தது. அதுவும் மூன்று நாள் பசியில் இருந்தது. காலடியிலேயே கரையான் புற்று. அதை விட்டுவிட்டு, நேராக நாலாம் நம்பரின் வாசலுக்கு வந்து தோண்ட ஆரம்பித்தது. மண் பின்னால் பறந்தது. பின்னால் பார்த்துத் திறக்கும் பைக்குள் குட்டி சுகமாகப் படுத்திருந்தது.

உலகம்மாள் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். துடிக்கும் என்று நினைத்திருந்தாள். நெஞ்சு தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது. அது பயத்தைச் சேர்ந்தது அல்ல போலிருக்கிறது, அதை எந்தப் பட்டையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

நாலாம் நம்பர் வெளியே வந்தது. தள்ளாடியது. காதிலிருந்த மணலை உதறியது. திறந்துவிட்ட ஒன்பதாம் நம்பர் நன்றிக்கெல்லாம் காத்திருக்கவில்லை, புற்றுப் பக்கம் போய்விட்டது. கொஞ்சம் தள்ளி வேறொரு வாசல் மண் அசைந்தது. அதை எது திறக்கிறது என்று கேமராவில் தெரியவில்லை.

மேசைமேல் உலகம்மாளின் போன் மினுங்கியது. கடன் கம்பெனியின் செய்தி. தர்மினி எடுத்து வாசித்தாள்.

"முந்நூத்தி நாப்பதும் கட்டியாச்சு அக்கா. நிலுவை இல்லை எண்டு வந்திருக்கு."

"எல்லாமா?"

"எல்லாம்."

சாவி இன்னும் மேசைமேல்தான் கிடந்தது. உலகம்மாள் அதைச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள், இடுப்பை நிமிர்த்தினாள். இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் மூட்டு வலித்தது. திரையில் நாலாம் நம்பர் கரையானைத் தின்றுகொண்டிருந்தது. சட்டியும் தேயிலையும் எங்கே இருக்கும் என்று அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"டாக்டரம்மா" என்றாள், "டீ போடட்டுமா?"